குதிரை எத்தனை, முறுக்கு எவ்வளவு?

உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் பித்துப் பிடித்த பிள்ளையாண்டான் ஒருவன் இருக்கிறானா? மகனாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், ஏன், வீட்டுக்காரராகவே கூட இருக்கலாம். இந்தக் காலத்தில் அந்தப் பித்து மகளுக்குப் பிடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படி ஒருவர் இருக்கும் பட்சத்தில், என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பின்வரும் சம்பாஷணை உங்கள் கூடத்தில் நடந்தே தீரும்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பாரேன்!"

"என்னடா இது? டாக்டர் ஈ.ஸி.ஜி. எடுக்கச் சொன்னாரா?"

"ஈ.ஸி.ஜி. இல்லை அம்மா, டைனோ ரிப்போர்ட்! ஸைலன்ஸரை மாற்றினதிலே ஒன்றரைக் குதிரை கூடியிருக்கிறது!"

பிள்ளை நீட்டும் காகிதத்தில் இரண்டு கோடுகள் மலை மாதிரி ஏறி இறங்கும். மேலே ஒரு மூலையில் பெரிய எழுத்தில் ஒரு எண். கீழே சின்ன எழுத்தில் ஏதேதோ. அதற்குப் பின்னால் ஊசி குத்தி வைத்த இன்னொரு காகிதமும் இருக்கும். அதுதான் பில்! பில்லைப் படிக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் காகிதத்தையும் படிக்கத் தெரிந்து கொண்டால் என்ன என்பதுதான் கேள்வி.

தெரிந்து கொள்வது அவசியம் என்பது என் அபிப்பிராயம். பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த வண்டியின் பின் ஸீட்டில் உட்கார்ந்து மேம்பாலம் ஏறப் போவது நீங்கள். மடியில் குழந்தை இருந்தாலும் இருக்கும். "ஒன்றரைக் குதிரை கூடின" வண்டி பாதி மேட்டில் மூச்சுத் திணறி நின்று, பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தால், அந்த நிமிஷத்தில் குதிரைக் கணக்கு யாருக்கு வேண்டும்?

*

முதலில் முறுக்கைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'டார்க்' என்று சொல்வதைத் தமிழில் 'முறுக்கு விசை' என்கிறார்கள். தீபாவளிக்குப் பிழிகிறோமே, அந்த முறுக்குக்கும் இதற்கும் உறவு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு! கைப்பிடியைத் திருகித் திருகிப் பிழியும் பித்தளை உழக்கு உங்கள் வீட்டில் இருக்கிறதல்லவா? மாவு கெட்டியாக இருந்தால் கை வலிக்கிறது. கைப்பிடி இன்னும் ஓர் அங்குலம் நீளமாக இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. அந்தத் திருகும் பலம்தான் முறுக்கு விசை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும், நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் அழுத்துகிறோம் என்பதையும் பெருக்கினால் கணக்கு வந்து விடும்.

இதற்கு 'நியூட்டன் மீட்டர்' என்று ஓர் அளவு. 2021ல் வெளிவந்த ராயல் என்பீல்ட் கிளாஸிக் 350 வண்டிக்குக் கம்பெனிக்காரர்கள் சொல்லும் முறுக்கு விசை 27 நியூட்டன் மீட்டர். இது எவ்வளவு பெரிசு? ஒரு மீட்டர் நீளமுள்ள கழியின் ஒரு முனையை அச்சில் மாட்டி, மறு முனையில் இரண்டே முக்கால் கிலோ கத்தரிக்காயைப் பையில் கட்டித் தொங்க விடுங்கள். அவ்வளவுதான்! திருவொற்றியூரில் 1955ல் ஆரம்பித்த கம்பெனி. பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் வண்டி கொடுத்த பரம்பரை. அதன் பலம் இரண்டே முக்கால் கிலோ கத்தரிக்காயா என்று ஏமாந்து விடாதீர்கள். அந்தக் கத்தரிக்காய்ப் பலத்தோடு நிமிஷத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றுகிறதே, அதை மறந்து விட்டோம்!

இங்கேதான் குதிரை வருகிறது. ஜேம்ஸ் வாட் என்பவர் 1780களில் நீராவி யந்திரம் விற்கப் புறப்பட்டார். வாங்குகிறவர்கள் அதுவரை ஆலையில் குதிரை கட்டி ஓட்டியவர்கள். நம் ஊர்ச் செக்கு மாடு மாதிரி அந்தக் குதிரை வட்டமாகச் சுற்றிக் கொண்டே இருக்கும். "உன் யந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம்?" என்று அவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? வாட் கணக்குப் போட்டார். 12 அடி நீளக் கழியில் கட்டிய குதிரை ஒரு மணி நேரத்தில் 144 தடவை சுற்றுகிறது. 180 பவுண்டு பலத்துடன் இழுக்கிறது. பெருக்கி, கொஞ்சம் முழுமையாக்கி, நிமிஷத்துக்கு 33,000 அடி பவுண்டு வேலை என்று வைத்தார். அதுதான் இன்றைக்கும் ஒரு குதிரைத் திறன்.

வேடிக்கையைக் கவனியுங்கள். அந்தச் செக்குக் குதிரையின் முறுக்கு விசையைப் பார்த்தால் ஏறக்குறைய 2,900 நியூட்டன் மீட்டர் வருகிறது! புல்லட்டைவிட நூறு மடங்குக்கு மேல்! ஆனால் திறன் ஒரே ஒரு குதிரை. புல்லட்டுக்கோ 20 குதிரை. ஏன்? குதிரை நிமிஷத்துக்கு இரண்டரைச் சுற்றுக்கூடச் சுற்றவில்லை; புல்லட் ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது. முறுக்கு என்பது பலம். குதிரை என்பது அந்தப் பலத்தை எவ்வளவு வேகமாகச் செலவு செய்கிறோம் என்பது.

சமையலறையிலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. உங்கள் மிக்ஸி 750 வாட் மோட்டார். நிமிஷத்துக்கு 18,000 சுற்று என்று எழுதியிருக்கும். பக்கத்திலே இருக்கும் மேஜை கிரைண்டர் வெறும் 150 வாட். அதன் பாத்திரம் சுமார் 150 சுற்றுத்தான் சுற்றும். திறனில் மிக்ஸி ஐந்து பங்கு. ஆனாலும் இட்லிக்கு உளுந்து அரைக்க எதை நாடுகிறீர்கள்? தேய்மானத்தை எல்லாம் தள்ளிவிட்டுக் கணக்குப் பார்த்தால், மிக்ஸியின் முறுக்கு விசை அரை நியூட்டன் மீட்டர்கூட இல்லை. கிரைண்டர் பாத்திரத்துக்கோ ஒன்பதுக்கு மேல் வருகிறது! அத்தனைக்கும் கிரைண்டரின் மோட்டார் வேகமாகச் சுற்றுகிற சின்ன மோட்டார்தான். நடுவில் பெல்ட் போட்டு வேகத்தைக் குறைத்து, முறுக்கைப் பெருக்கி விடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் கியர் செய்வதும் இதே வேலைதான். முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு பத்து மடங்குக்கு மேல் பெருகித்தான் பின் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது.

சந்தைக்குப் போகிற வழியில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு கோணி வெங்காயம், பின்னால் இரண்டு கோணி உருளைக்கிழங்கு, நடுவில் எங்கேயோ ஒரு மனிதர்! அந்த எக்ஸ்.எல்.100க்குக் கம்பெனி சொல்லும் திறன் நாலரைக் குதிரைகூட இல்லை. ஆனால் தன் முழு முறுக்கையும், அதாவது 6.5 நியூட்டன் மீட்டரையும், 3,500 சுற்றிலேயே கொடுத்து விடுகிறது. விரட்டி விரட்டி எஞ்சினை அலற வைக்க வேண்டியதில்லை. மூட்டை சுமக்கிறவனுக்கு வேண்டியது அதுதான்.

*

சரி, டைனோ என்றால் என்ன? 'டைனமோமீட்டர்' என்பதைச் செல்லமாகச் சுருக்கி விட்டார்கள். 1821ல் பிரான்ஸ் தேசத்து எஞ்சினீயர் டி புரோனி ஒரு சுலபமான உபாயம் கண்டுபிடித்தார். சுற்றும் அச்சை இரண்டு மரக்கட்டைகளால் இறுகப் பிடிக்க வேண்டியது. கட்டையிலிருந்து ஒரு கழியை நீட்ட வேண்டியது. கட்டையும் அச்சோடு சுற்றிப் போய் விடாதபடி கழியின் நுனியில் எடை வைக்க வேண்டியது. எவ்வளவு எடை வைத்தால் கழி அசையாமல் நிற்கிறதோ, அதுவே முறுக்கு விசை! தராசில் புளி நிறுப்பது மாதிரி எஞ்சினை நிறுத்து விட்டார். பிற்பாடு 1877ல் இங்கிலாந்தில் வில்லியம் புரூட் என்பவர், கப்பல் எஞ்சின்களின் பலத்துக்கு மரக்கட்டை தாங்காது என்று, தண்ணீரையே பிரேக்காக வைத்துச் செய்தார்.

இன்றைய மோட்டார் சைக்கிள் டைனோவில் பெரும்பாலும் கனமான இரும்பு உருளை ஒன்று தரைக்குக் கீழே படுத்திருக்கும். வண்டியை மேலே ஏற்றி, முன் சக்கரத்தை இடுக்கியில் பிடித்து, நாலு பக்கமும் பட்டையால் இழுத்துக் கட்டி விடுவார்கள். பின் சக்கரம் உருளையின் மேல். எதிரே ஆளைத் தள்ளி விடுகிற மாதிரி ஒரு மின்விசிறி. வண்டி ஓடவில்லை; காற்றுத்தான் ஓடி வருகிறது! எஞ்சின் சூடானதும் ஒரு கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாகத் திருகுவார்கள். உருளை எவ்வளவு கனம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். எத்தனை சீக்கிரம் அது வேகம் பிடிக்கிறது என்று பார்த்து, இழுத்த பலம் இவ்வளவு என்று எழுதி விடும். சில விநாடிகளில் வேலை தீர்ந்தது. அந்தச் சில விநாடியில் எழும் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக் கொள்வது நலம்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். அடிக்கோட்டில் இருப்பது எஞ்சினின் சுற்று: 2,000, 3,000, 4,000 என்று போகும். ஒரு கோடு குதிரை, இன்னொன்று முறுக்கு. முறுக்குக் கோடு சீக்கிரம் எழுந்து, நடுவில் உச்சி தொட்டு, பிறகு சரியும். குதிரைக் கோடு அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில்தான் குப்புற விழும்.

ஏன் முறுக்கு நடுவிலேயே சரிகிறது? எஞ்சின் சிலிண்டரை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள். 4,000 சுற்றில் ஓடும்போது ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கிடைக்கிற நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு. அதற்குள் காற்றும் பெட்ரோலும் வால்வு என்ற கதவு வழியாக ஏறி உட்கார வேண்டும். 8,000 சுற்றில் அந்த நேரமும் பாதியாகி விடுகிறது. ஸ்டாப்பிங்கில் சரியாக நிற்காத பஸ்ஸில் எத்தனை பேர் ஏற முடியும்? பாதி பஸ் காலியாகப் போகிறது. ஒவ்வொரு டிரிப்பிலும் கூட்டம் குறைந்தாலும், டிரிப்புகள் அதிகமாவதால் மொத்த வசூல் கொஞ்ச தூரம் ஏறுகிறது. அந்த மொத்த வசூல்தான் குதிரைத் திறன். ஒரு டிரிப்பின் வசூல்தான் முறுக்கு. கிளாஸிக் 350க்கு 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர். 20 குதிரை வருவது 6,100 சுற்றில். அங்கே முறுக்கு 24க்கும் கீழே இறங்கி விட்டது.

இதை நான் எப்படிச் சொல்கிறேன் என்றால், இரண்டு கோடும் உண்மையில் ஒரே கோடுதான். முறுக்கைச் சுற்றால் பெருக்கி 7,121ஆல் வகுத்தால் குதிரை வந்து விடும். கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும். சில டைனோக் காகிதங்களில் முறுக்கு 'அடி பவுண்டு' என்ற அளவில் இருக்கும். அப்போது 5,252ஆல் வகுக்க வேண்டும். குதிரைக்கும் அடி பவுண்டுக்கும் ஒரே அளவுகோல் போட்டிருந்தால், இரண்டு கோடுகளும் 5,252 சுற்றில் ஒன்றையொன்று வெட்டியே ஆக வேண்டும். வெட்டவில்லையென்றால் அந்தக் காகிதத்தில் ஏதோ திருக்குத்தாளம் இருக்கிறது! எந்தப் பெரிய மெக்கானிக்கின் முன்னாலும் தைரியமாகக் கேட்கலாம்.

*

பிள்ளை கொண்டு வந்த காகிதத்தைக் கையில் வாங்கினதும், மூலையில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். புடவைக் கடையில் 'தள்ளுபடி' என்ற எழுத்து எங்கே பெரிசாக இருக்கிறதோ, அங்கேயா முதலில் பார்க்கிறோம்? விலைச் சீட்டைத் தேடுகிறோம். இதிலும் அப்படித்தான்.

கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். 4,000 சுற்றிலிருந்து ஆரம்பிக்கும் படம் உங்களுக்குப் பிரயோஜனமில்லை. நகரத்துக்குள் புல்லட் மாதிரி வண்டி இரண்டாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் நடுவில்தான் வாழ்க்கை நடத்துகிறது. அந்த இடத்தையே காட்டாமல் மறைத்து விட்டால் எப்படி? பக்கவாட்டு அளவு பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறதா என்றும் பாருங்கள். பதினைந்தில் ஆரம்பித்துப் பத்தொன்பதில் முடிகிற படத்தில் அரைக் குதிரை வித்தியாசம்கூடத் திருவண்ணாமலை மாதிரி உயர்ந்து நிற்கும்.

கம்பெனி சொன்ன 20 குதிரை டைனோவில் 17 என்று வந்தால் கலவரப்பட வேண்டாம். கம்பெனி எஞ்சினின் அச்சில் அளக்கிறது. டைனோ பின் சக்கரத்தில் அளக்கிறது. நடுவில் கியரும் செயினும் டயரும் தங்கள் தரகைப் பிடித்துக் கொள்கின்றன. பத்து முதல் பதினைந்து சதவிகிதம் வரையில் இப்படிக் குறைவது சகஜம். பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டர்களில் இன்னும் அதிகமாகவே போகும்.

சின்ன எழுத்தில் 'எஸ்.ஏ.ஈ.' அல்லது 'எஸ்.டி.டி.' என்று இருக்கும். காற்றின் உஷ்ணம், அழுத்தம் இவற்றுக்காகச் செய்யும் திருத்தம் அது. அவசியமான திருத்தம்தான். ஊட்டியில் காற்று மெலிவு; அங்கே எந்த எஞ்சினும் சென்னையில் தருவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தே தரும். சித்திரை மாதத்துப் பிற்பகலுக்கும் மார்கழி விடியற்காலைக்கும்கூட வித்தியாசம் உண்டு. ஆனால் இந்த இரண்டு திருத்தங்களில் எஸ்.டி.டி. என்பது ஏறக்குறைய நாலு சதவிகிதம் தாராளமானது. ஸைலன்ஸர் மாற்றுவதற்கு முன் எஸ்.ஏ.ஈ., மாற்றின பிறகு எஸ்.டி.டி. என்று போட்டால், ஒன்றும் செய்யாமலேயே அரைக் குதிரைக்கு மேல் குட்டி போட்டு விடும்! ஆகையால் ஒரே டைனோ, ஒரே நாள், ஒரே கியர், ஒரே திருத்தம், ஒரே டயர் காற்று. முன்னும் பின்னும் மும்மூன்று தடவை. இப்படி இல்லாத ஒப்பீடு, இரண்டு ஊர்ச் சந்தையில் வெவ்வேறு நாளில் வாங்கிய தக்காளியின் விலையை ஒப்பிடுவது மாதிரிதான்.

ஒரு கணக்குக்காக வைத்துக் கொள்வோம். பழைய ஸைலன்ஸரில் உச்சி 17 குதிரை. புதிய ஸைலன்ஸரில் 5,500 சுற்றில் பதினெட்டரை. ஒன்றரைக் குதிரை லாபம்! பிள்ளை சொன்னது சரி. ஆனால் விரலை அடிக்கோட்டில் 2,500 சுற்றுக்கு நகர்த்துங்கள். பழைய கோட்டில் முறுக்கு 22. புதிய கோட்டில் பள்ளம் விழுந்து 18. பெருக்கி வகுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் 7.7 குதிரையாக இருந்தது 6.3 ஆகி விட்டது. அங்கே ஒன்றரைக் குதிரை கிடைத்தது. இங்கே ஒன்றரைக் குதிரை போயிற்று. கிடைத்தது வருஷத்துக்கு நாலு தடவை நெடுஞ்சாலையில் எட்டிப் பார்க்கிற இடத்தில். போனது தினம் இரண்டு தடவை மேம்பாலம் ஏறுகிற இடத்தில். பெரிய எண் இதைச் சொல்லவே சொல்லாது.

ஏன் இப்படிப் பள்ளம் விழுகிறது? ஸைலன்ஸர் என்பது சத்தத்தை அடக்கும் டப்பா மாத்திரம் அல்ல. புகை ஒவ்வொரு தடவையும் குழாயில் ஓர் அலை மாதிரி பாய்கிறது. முனைக்குப் போய் எதிரொலி மாதிரி திரும்பி வருகிறது. திரும்பி வரும் அலை சரியான தருணத்தில் வால்வுக்கு வந்தால், மிச்சப் புகையையும் உறிஞ்சிக் கொண்டு புதுக் காற்றுக்கு இடம் விடுகிறது. தப்பான தருணத்தில் வந்தால் புகையை உள்ளேயே திருப்பித் தள்ளுகிறது. ஊஞ்சலைத் தள்ளுவது மாதிரிதான். பின்னுக்கு வந்து திரும்பும்போது தள்ளினால் உயரப் போகிறது. வந்து கொண்டிருக்கும்போதே தள்ளினால் நின்று விடுகிறது. தொழிற்சாலைக்காரர்கள் குழாயின் நீளத்தையும் பருமனையும் ஓட்டுகிறவர் எந்த வேகத்தில் ஓட்டுவார் என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். குட்டையான, அகலமான குழாயைப் போட்டால் அந்த நல்ல தருணம் மேல் சுற்றுக்கு நகர்ந்து போய் விடுகிறது. யமஹாக்காரர்கள் 1980களில் குழாய்க்குள்ளேயே திறந்து மூடும் வால்வு ஒன்றை வைத்தது இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான்.

சத்தம் அதிகமானால் பலம் அதிகமானது போல் தோன்றுவது மனித சுபாவம். அதற்கு டைனோ பொறுப்பில்லை!

*

அப்படியானால் முறுக்கைக் கூட்ட வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் கொஞ்சம் நிதானம் வேண்டும். முறுக்கு வருவது சிலிண்டரில் எவ்வளவு காற்று நிரம்புகிறது என்பதிலிருந்து. அதனால் சிலிண்டரின் கொள்ளளவுக்கும் முறுக்குக்கும் நெருங்கின பந்தம் உண்டு. கிளாஸிக் 350க்கு 349 சி.சி.யில் 27, ஒரு லிட்டருக்கு என்று பார்த்தால் 77 நியூட்டன் மீட்டர். 110 சி.சி. ஹோண்டா ஆக்டிவாவுக்கு ஏறக்குறைய 81. பந்தயக் குதிரை என்று பெயரெடுத்த, 2017ல் வந்த கே.டி.எம். டியூக் 390க்கு 99. சாது ஸ்கூட்டருக்கும் முரட்டு வண்டிக்கும் நடுவில் வித்தியாசம் இவ்வளவுதான்! பின்னே டியூக்குக்கு 43 குதிரை எப்படி வந்தது? 9,000 சுற்று வரை மூச்சு வாங்காமல் சுற்றுவதால் வந்தது. ஆகவே, யாராவது ஒரு ஸைலன்ஸரையும் ஒரு சல்லடையையும் மாட்டி "முப்பது சதவிகிதம் முறுக்கு கூடும்" என்று சொன்னால், "அவ்வளவு காற்றை எங்கே வைப்பீர்கள்?" என்று கேளுங்கள்.

உண்மையாகக் கூட்டுகிறவை: சிலிண்டரைப் பெரிதாக்குவது, காற்றை அழுத்தும் விகிதத்தை உயர்த்துவது, வால்வு திறக்கும் நேரத்தைக் கீழ்ச் சுற்றுக்குத் தகுந்தபடி மாற்றுவது. எல்லாம் எஞ்சினைப் பிரித்துச் செய்யும் வேலை. பெட்ரோலின் தரம், எஞ்சினின் சூடு, ஆயுள் எல்லாம் கூடவே மாறும். இவற்றை ரோட்டோரத்தில் செய்கிற காரியம் என்று நான் நினைக்கவில்லை.

காகிதத்தின் அடியில் மூன்றாவது கோடு ஒன்று சில சமயம் இருக்கும். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் அது. முழுக்கத் திருகின நிலையில் 13க்குக் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் எஞ்சின் சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். 14.7 என்பது பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிகிற கணக்கு. அதற்கும் மேலே ஏறிப் போனால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் காய்கிறது. ஸைலன்ஸரை மட்டும் மாற்றி, பெட்ரோல் கணக்கை மாற்றாமல் விட்ட வண்டிகளில் இந்தக் கோடு மேலே போவது உண்டு. குதிரைக் கோட்டைவிட இந்தக் கோட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். குதிரை குறைந்தால் மெதுவாகப் போகலாம். பிஸ்டன் உருகினால் தள்ளிக் கொண்டுதான் போக வேண்டும்.

மலைப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு, அல்லது எப்போதும் இருவராகப் போகிறவர்களுக்கு, செலவு குறைந்த ஒரு வழி பல்சக்கரம். எஞ்சின் பக்கத்துச் சக்கரத்தில் ஒரு பல் குறைந்தால், அதாவது 15க்குப் பதில் 14 போட்டால், பின் சக்கரத்தில் முறுக்கு ஏழு சதவிகிதம் கூடுகிறது. எஞ்சின் ஒன்றும் மாறவில்லை. கிரைண்டர் பெல்ட் வேலைதான். ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழு சதவிகிதம் கூடுதலாகச் சுற்றும். பெட்ரோலும் அதற்குத் தகுந்தபடி.

1983ல் வந்த ராஜ்தூத் 350 வண்டியைப் பற்றி உங்கள் வீட்டு மாமாக்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். முதலில் வந்தது முப்பது குதிரைக்கு மேல். "பெட்ரோலைக் குடிக்கிறதே!" என்று ஜனங்கள் முறையிட்டதால், அதே தொழிற்சாலை பிற்பாடு 27 குதிரையில் இன்னொரு விதம் செய்தது. முன்னதற்கு 'ஹை டார்க்', பின்னதற்கு 'லோ டார்க்' என்று பெயர் வந்து விட்டது. அப்போது முறையிட்டார்கள்; இப்போது பழைய வண்டி தேடுகிறவர்கள் ஹை டார்க்தான் வேண்டும் என்கிறார்கள்!

மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மின் மோட்டாருக்குக் காற்று ஏற வேண்டிய தொல்லை இல்லை. நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்கும் தயார். ஓசூரில் தயாராகும் ஏதர் 450எக்ஸ் ஸ்கூட்டருக்கு 26 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருப்பார்கள். புல்லட்டுக்குச் சமமா என்று கேட்காதீர்கள். திறன் ஒன்பது குதிரைக்கும் குறைவுதான். ஸிக்னலில் பச்சை விழுந்ததும் முதலில் பாய்வது அதுதான் என்பது மட்டும் நிஜம்.

சட்டத்தையும் சொல்லி விடுகிறேன். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் நிர்ணயித்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டம்போல் மாற்றக் கூடாது. 2019ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஒலியும் புகையும் வரம்பு மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரையில் அபராதமோ, மூன்று மாதம் வரையில் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பந்தயத் தளத்தில் ஓட்டுகிற வண்டி வேறு. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற வண்டி வேறு.

ஆகவே, ஸைலன்ஸருக்குப் பணம் கேட்டு வரும் பிள்ளையிடம் ஒரு காரியம் சொல்லுங்கள். முதலில் ஏர் பில்டரைப் புதிதாகப் போடட்டும். ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி, கிளட்ச் கேபிள் மூன்றையும் சரி பார்க்கட்டும். செயினைக் கழுவி எண்ணெய் போட்டு, தொய்வைத் திருத்தி, டயரில் காற்று நிரப்பட்டும். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுழற்றினால், பிரேக் உரசாமல் சுலபமாகச் சுற்ற வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு போய் ஒரு டைனோக் காகிதம் எடுத்து வரட்டும். 2,000 சுற்றிலிருந்து ஆரம்பிக்கிற காகிதம், எஸ்.ஏ.ஈ. திருத்தம், பக்க அளவு பூஜ்யத்திலிருந்து. அதை பீரோவில் பத்திரமாக வைத்து, 2,500 சுற்றில் முறுக்கு எவ்வளவு என்று பென்சிலால் குறித்துக் கொள்ளுங்கள்.